சுகர் மேல் பழி போடாதீர்கள்

ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து, டியூபை எடுத்த பிறகு சிறுநீர் தானாகக் கசிகிறது என்றால், "உங்களுக்குச் சுகர் இருக்கிறதே, வயசும் ஆச்சே" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது ஒரு பதிலா?

சுகருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கட்டுமீறினால் சிறுநீர் அதிகமாகும். நாளடைவில் பையின் நரம்பும் மந்தமாகும். குணமாகத் தாமதமாகலாம். தாமதம் வேறு, முடியாது என்பது வேறு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசினை எழுதிக் கொடுத்தவரே, அடிக்கடி போகிறதென்றால் வயசைக் காட்டுவது என்ன நியாயம்? (மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.)

பிரசவித்த பெண்களுக்காக ஆர்னால்ட் கெகல் என்ற டாக்டர் 1948-லேயே எழுதிய பயிற்சி ஆண்களுக்கும் உதவுகிறது. காற்றை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து, தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, மூன்று வேளை. காசு செலவில்லை. சொல்லித்தர ஐந்து நிமிஷம் கிடையாதா? பிரெஞ்சுப் பள்ளியில் எலும்புகளின் பெயரையெல்லாம் ஒப்பித்த எனக்கு, இப்படியொரு தசை இருப்பதே எழுபதுக்கு மேல்தான் தெரிந்தது.

நம்மவர்களோ வெட்கப்பட்டுத் தண்ணீரைக் குறைக்கிறார்கள், கல்யாணங்களுக்குப் போவதில்லை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும். கசிவு நிற்கச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். அதற்கு மேலும் நிற்காவிட்டால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது.