தனியே போனால் என்ன?

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். ஊர் ஊராக நடந்த அந்த மூதாட்டியைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் முழங்குகிறோம்; பரிசும் வாங்குகிறோம். ஆனால் தொப்பம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தனியே பேருந்து ஏற எங்களில் எத்தனை பேருக்கு அனுமதி உண்டு? துணைக்குத் தம்பியாவது வரவேண்டும், அவன் நான்காம் வகுப்புப் படிப்பவனாக இருந்தாலும் சரி!

இந்த நிலையில், "படித்து, வேலைக்குப் போய், என் சம்பளத்தில் ஆப்பிரிக்காவிலுள்ள நைரோபிக்குத் தனியே போய்ச் சிங்கத்தைப் பார்த்து வருவேன்" என்று ஒருத்தி சொன்னால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "காட்டுக்கா போகிறாய்?" என்பார்கள். நைரோபி காடன்று, கென்யா நாட்டின் தலைநகர். கொடைக்கானல் தெருக்களில் காட்டெருமை வந்து நிற்பதுண்டு. அதனால் கொடைக்கானலைக் காடு என்கிறோமா?

நைரோபி நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் தேசியப் பூங்கா இருக்கிறது. 1946-இல் அமைந்த அதன் பரப்பு 117 சதுர கிலோமீட்டர். பின்னால் மாடிக் கட்டடங்கள் தெரிய, ஒட்டகச்சிவிங்கிகள் மேய்கின்றன. சிங்கமும் காண்டாமிருகமும் உலவுகின்றன. மூன்று பக்கம் வேலி உண்டு. தெற்குப் பக்கம் மட்டும், பருவத்துக்கேற்ப விலங்குகள் போய்வரத் திறந்திருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

ஆகவே இப்பயணத்துக்கு வேண்டியது அசட்டுத் துணிச்சல் அன்று, முன்னேற்பாடு. கடவுச்சீட்டு வேண்டும். புறப்பட 10 நாட்களுக்கு முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் அதைப் போடுகிறார்கள். தங்கும் இடத்தை வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இருட்டிய பின் தனியே நடக்கக் கூடாது. இவற்றை ஒரு பெண்ணால் செய்ய முடியாதா?

அதே கென்யாவின் மலைக் கிராமமொன்றில் 1940-இல் பிறந்தவர் வங்காரி மாத்தாய். தங்கை ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று அண்ணன் கேட்டார். தாய் அனுப்பி வைத்தார். கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தார். 1960-இல் கடல் கடந்து அமெரிக்கா சென்று கற்றார். திரும்பி வந்து, 1977-இல் கிராமப் பெண்களைக் கொண்டு மரம் நடும் இயக்கம் தொடங்கினார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அன்று அந்தத் தாய் மறுத்திருந்தால்?

அன்புப் பெற்றோரே! உங்கள் அச்சம் அன்பிலிருந்து பிறந்தது என்பதை அறிவோம். நாளைக்கே நைரோபிக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த மாதம் தபால் நிலையத்துக்குத் தனியே அனுப்புங்கள். அடுத்த ஆண்டு திண்டுக்கல் நூலகத்துக்கு அனுப்புங்கள். கல்லூரிக்குச் சென்னை செல்ல நேர்ந்தால் மறுக்காதீர்கள். வழி கேட்கவும், காசை எண்ணிச் செலவிடவும், தவறானவரை இனங்கண்டு விலகவும் வழியில்தான் கற்க முடியும். வாசற்படியில் நின்று கற்க முடியாது.

நைரோபியில் விலங்குகளுக்கே ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறார்கள். போகின்றவை திரும்பியும் வருகின்றன. நாங்களும் திரும்பி வருவோம்.