பொன்னாடை போர்த்தும் பொட்டி

லண்டனிலிருந்து முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் மில்டன் கீன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே என் அக்கா பையன் புது வீடு வாங்கியிருக்கிறான். 2024 டிசம்பரில் நானும் சகதர்மிணியும் போய் இறங்கினோம். வெளியே ஜீரோ டிகிரி. உள்ளே ஹீட்டர் பேருக்குத்தான் ஓடுகிறது, நான் முண்டா பனியனோடு உலாத்துகிறேன்!

"எப்படிடா இது?"

"வீடு ஏர்டைட் மாமா. ஒரு கொசு நுழைய முடியாது."

நிஜம்தான். அந்த ஊரில் வீட்டைக் கட்டி முடித்ததும் வாசற்கதவில் ஒரு ராட்சச ஃபேனை மாட்டி, எங்கெங்கே காற்று கசிகிறது என்று சோதிக்கிறார்கள். 'பார்ட் எல்' என்கிற எரிசக்தி விதியை 2022 ஜூனில் இறுக்கிவிட்டார்கள். புது வீடு, முந்தைய விதிப்படி கட்டியதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகத்தான் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும். ஆகவே சந்து பொந்தையெல்லாம் அடைத்து, சுவருக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுகிறார்கள்.

கொசு நுழையாது, சரி. மூச்சு?

நாலு பேர் உள்ள குடும்பம் மூச்சு விட்டு, குளித்து, சமைத்து, துணி உலர்த்தி ஒரு நாளைக்குச் சுமார் பத்து லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது என்பார்கள். (வெள்ளைக்காரன் கணக்கு இது. இட்லிப் பானையைச் சேர்த்திருக்க மாட்டான்!) ஜன்னலைத் திற என்பீர்கள். திறந்தால், காசு கொடுத்துச் சுட வைத்த காற்று 'டாட்டா' காட்டிவிட்டுப் போய்விடும். திறக்காவிட்டால் ஈரம் குளிர்ந்த சுவரில் போய் உட்கார்ந்து பூஞ்சை பிடிக்கும். அதனால் 'பார்ட் எஃப்' என்று இன்னொரு விதி. சமையலறையிலிருந்து நொடிக்கு 13 லிட்டர், குளியலறையிலிருந்து 8 லிட்டர் காற்றை இடைவிடாமல் இழுத்து வெளியே தள்ளு என்கிறது.

எல் 'மூடு' என்கிறது, எஃப் 'திற' என்கிறது. மாமியார்-மருமகள் கேஸ். நடுவில் சமாதானம் பேச வந்ததுதான் எம்.வி.ஹெச்.ஆர். என்கிற பொட்டி. மாடி அலமாரியில் ஒரு மின்சாரப் பெட்டி, அதிலிருந்து அறைக்கு அறை போகும் குழாய்கள். வெளியே போகிற அழுக்குக் காற்றும் உள்ளே வருகிற சுத்தமான காற்றும் அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளின் இரு பக்கமும் எதிரெதிரே போகும். கலக்காது, சூடு மட்டும் கைமாறும்.

நம்ம ஊர்க் கட்சிக் கூட்டத்தில் பார்த்திருப்பீர்களே... பேசிவிட்டு இறங்குகிற தலைவரிடமிருந்து பொன்னாடையை உருவி, அடுத்து ஏறுகிற தலைவருக்குப் போர்த்துவார்கள். ஒரே பொன்னாடை, ரெண்டு தலைவர்! இருவரும் முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டார்கள். அதே டெக்னிக். உள்ளே 20 டிகிரி, வெளியே ஜீரோ என்றால், 80 சதவீதம் சூட்டைப் பிடிக்கிற பொட்டி புதுக் காற்றை 16 டிகிரியில் கொண்டுவந்து விடும். மிச்சம் நாலு டிகிரிக்குத்தான் ஹீட்டர்.

ஐடியா புதுசில்லை. 1973-ல் பெட்ரோல் விலை எகிறியதும் முழித்துக்கொண்டவர்களில் கனடாக்காரர்களும் உண்டு. 1977-ல் ரெஜைனா நகரில் வழக்கமான ஃபர்னஸ் இல்லாமல், இப்படிச் சூட்டை மீட்கும் கருவியோடு ஒரு சோதனை வீடு கட்டினார்கள். மைனஸ் நாற்பது டிகிரியைப் பார்க்கிற ஊர் அது! பிறகு ஜெர்மனியின் டார்ம்ஷ்டட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியல்காரரின் முயற்சியில் நாலு வீடுகள். 1991-ல் அவரும் ஒரு வீட்டில் குடியேறினார். தான் போட்ட கணக்குக்குள் தானே குடியிருக்கிற தைரியம் எத்தனை என்ஜினீயருக்கு வரும்?

நிற்க. மூன்றாம் நாள் ராத்திரி, அக்கா பையனின் நாலு வயசுப் பொண்ணு விடாமல் இருமினாள்.

"குளிர்தான், சரியாயிடும்" என்றான் அவன். சகதர்மிணி நம்பவில்லை. காலையில் குழந்தையின் அறையில் பீரோவை நகர்த்தச் சொன்னாள். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள்.

"அந்தப் பொட்டி ஓடுதா?"

திருடன் மாதிரி முழித்தான். "ராத்திரியில 'ம்ம்ம்'னு சத்தம் மாமா. கரண்ட் வேற. ஆஃப் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு." அவன் மனைவி தன் பங்குக்கு, தலைமேல் சில்லென்று காற்று படுகிறது என்று குழந்தையின் பழைய சாக்ஸைக் கூரை ஓட்டையில் அடைத்திருந்தாள்! அது குடிப்பதோ பழைய குண்டு பல்பைவிடக் குறைந்த கரண்ட்.

சிரிக்கிற விஷயம் இல்லை. ராச்டேல் என்ற ஊரில், வாடகைக் குடியிருப்பு ஒன்றில், 2020 டிசம்பரில் இரண்டு வயசுக் குழந்தை இறந்தது. பூஞ்சையைச் சுவாசித்துச் சுவாசித்தே மூச்சு கெட்டுப்போனது, வீட்டில் காற்றோட்டமும் போதவில்லை என்று 2022-ல் விசாரணை சொன்னது. அப்பா பலமுறை புகார் கொடுத்திருந்தார். அது புது வீடு இல்லைதான். ஆனால் பூஞ்சைக்குப் புதுசு, பழசு தெரியாது.

மெக்கானிக் வந்தார். பொட்டியைத் திறந்தார். ஃபில்டர், பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்த என் சட்டைக் காலர் நிறத்தில் இருந்தது. புதுசு மாட்டி ஓடவிட்டு, சமையலறைக் கூரையில் ஒரு புனலை வைத்து அளந்தார். 13 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 5! பரண்மேல் ஏறிப் பார்த்தால், குழாயை யாரோ மடக்கி, அதன்மேல் பஞ்சு மூட்டையைப் போட்டு நசுக்கியிருக்கிறார்கள். பில்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் மட்டும் 13 என்று முத்து முத்தாய் எழுதியிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். எரிசக்திக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர், இந்தப் பொட்டி பேப்பரில் இருந்தாலே மார்க் போட்டுவிடுகிறது. வீடு பாஸ். குழாய் நசுங்கினதும், மூக்கில் சாக்ஸ் அடைத்ததும் அதற்கு எப்படித் தெரியும்? புகை டெஸ்ட் சர்ட்டிபிகேட்டோடு கரும்புகை கக்கிக்கொண்டு போகிற நம்ம ஊர் வண்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. வீடு விற்கிறவர், சாவி கொடுக்கிற அன்றைக்கு ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று ரெண்டு நிமிஷம் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

'நமக்கென்ன, நாம வேர்க்கிற ஊர்' என்கிறீர்களா? ஏ.சி. ஆபீஸில் மூணு மணிக்குத் தூக்கம் வருகிறதே, எல்லாமே மத்தியானச் சாப்பாட்டின் குற்றமில்லை. மூடின அறையில் சேர்ந்துபோன கரியமில வாயுவுக்கும் அதில் பங்கு உண்டு. நம்ம ஊரில் இதே பொட்டி உல்டாவாக வேலை செய்யும். வெளியே போகிற குளிர்ந்த காற்று, உள்ளே வருகிற வெயில் காற்றை ஆற்றிக் கொடுக்கும். 2017-ல் வந்த இந்தியக் கட்டிட எரிசக்தி விதி, பெரிய ஹோட்டல், ஆஸ்பத்திரிகளில் இதைக் கேட்கிறது. உங்கள் ஆபீஸில் இருந்தால், ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். (மேனேஜர் முறைத்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.)

குழாயை நேராக்கி, சுவரைத் துடைத்து, சாக்ஸை மீட்டுவிட்டு ஊர் திரும்பினோம். போன மாசம் அக்கா பையன் போன் செய்தான்.

"குழந்தைக்கு இருமல் நின்னுடுச்சு மாமா. பொட்டிகூட இப்பல்லாம் சத்தமே போடறதில்ல."

"சத்தம் போடலையா... ஓடவே இல்லையா?"

மறுமுனையில் மௌனம். பிறகு, தடதடவென்று மாடிப்படி ஏறுகிற சத்தம்.