பூனையின் தாடையும் மனிதரின் மருந்தும்

பினாங்குப் பெருநிலத்தில் நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டமாயினும் ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீடுகளாயினும், பூனை வளர்ப்போரிடையே பரவியுள்ள ஒரு நம்பிக்கை கண்டிக்கப்பட வேண்டியது. பூனையின் தாடையில் தென்படும் கரும்புள்ளிகள் வெறும் அழுக்கு என்றும், அவற்றை அழுத்தித் தேய்த்துவிட்டு வீட்டிலிருக்கும் தைலத்தையோ முகப்பருக் களிம்பையோ தடவினால் போதும் என்றும் பலர் எண்ணுகின்றனர். இதன் முற்பாதி அறியாமை. பிற்பாதி பூனையின் உயிருக்கே கேடு.

பூனையின் தாடையில் நெய்ச்சுரப்பிகள், அதாவது மயிர்க்கால்களுக்குள் கொழுப்புப் பசையைச் சுரப்பவை, நெருக்கமாக அமைந்துள்ளன. மயிர்க்காலின் உட்தோல் செதில்கள் மிகுதியாகத் திரண்டு அப்பசையோடு சேர்ந்து துளையை அடைக்கும்போது தோன்றும் கறுத்த முனைகளே பூனை முகப்பரு எனப்படும். எந்த வயதிலும் வரக்கூடிய இது, பல பூனைகளுக்கு வாழ்நாள் முழுவதும் வந்து வந்து போகும். பிளாஸ்டிக் கிண்ணமே காரணம் என்று அடித்துச் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை; எனினும் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் பாக்டீரியா தங்குமாதலால், எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணத்தைத் தினமும் கழுவிப் பயன்படுத்துவது நல்லது.

பெருங்கேடு மருந்தில்தான் இருக்கிறது. நச்சுப்பொருளோடு ஒருவகைச் சர்க்கரை அமிலத்தைப் பிணைத்து, நீரில் கரையச் செய்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலைகளுள் ஒன்று; இதற்கு உதவும் நொதிகளுள் ஒன்றை உருவாக்கும் யூஜிடி1ஏ6 என்னும் மரபணு பூனையினத்தில் செயலிழந்து கிடக்கிறது. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் இதே குறை உண்டு. ஆதலால் ஆஸ்பிரின் உள்ளிட்ட சாலிசிலேட்டுகளும் பீனால் வகைப் பொருள்களும் பூனையின் உடலில் நெடுநேரம் தங்கி நஞ்சாகின்றன. வலித் தைலங்களிலுள்ள மெத்தில் சாலிசிலேட், தண்ணீர் பட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியிலுள்ள குளோரோசைலெனால் ஆகியவை இவ்வகையின. டீ ட்ரீ எண்ணெய் மூலிகைப் பொருளென்ற பெயரால் நம்பப்பட்டாலும் அதுவும் பூனைக்கு நஞ்சே. தாடையை நாவால் நக்க இயலாத பூனை, முன்பாதத்தால் அதைத் துடைத்துப் பாதத்தை நக்குகிறது. எனவே தடவியது தோலோடு நிற்பதில்லை, வயிற்றுக்கும் போகிறது.

சீழோ வீக்கமோ இல்லாத சில கரும்புள்ளிகளுக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். அவற்றைப் பிதுக்கக் கூடாது, ஏனெனில் உடைந்த மயிர்க்கால் ஆழமான புண்ணாகும்; வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றியெடுத்தலே போதுமானது. புள்ளிகள் சிவந்து வீங்கினால், நீர்த்த குளோர்ஹெக்சிடின் கழுவலோ நுண்ணுயிர்க்கொல்லியோ எது தேவை என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

மலேசியாவில் கால்நடை மருத்துவரை நாடுவதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. ஸ்போரோதிரிக்ஸ் என்னும் பூஞ்சையால் வரும் ஸ்போரோதிரிக்கோசிஸ் இந்நாட்டுப் பூனைகளிடம் காணப்படுகிறது. முகத்தில் ஆறாத புண்ணாகத் தோன்றும் அது, பூனையின் கீறல், கடி வழியே மனிதருக்கும் தொற்றும். பூனையின் தாடையில் உடைந்து கசியும் புண்ணை வெறும் பரு என்று கருதி வெறுங்கையால் தேய்ப்பவர் தம் வீட்டாரையும் அபாயத்துக்கு உட்படுத்துகிறார். பூஞ்சைதான் என்று உறுதியானால் இட்ராகோனசோல் போன்ற மருந்தைப் பல மாதங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். புண் மூடியதும் அதை நிறுத்திவிடுவதும் தவறு, மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும்.