மருத்துவச் சோதனையில் ‘அன்ஃபிட்’: அதன் பிறகு?



சபுர் புறப்படும் ஒரு பிள்ளைக்காகக் குடும்பம் முழுவதும் பல மாதங்கள் பாடுபடுவதை நீங்கள் அறிவீர்கள். பாஸ்போர்ட் எடுப்பதும், ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதும், உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போவதும் நம் வீடுகளுக்குப் புதியவையல்ல. இவையெல்லாம் முடிந்த பின்னர், அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவ மையத்தில் சிறு குழாய் அளவு இரத்தம் எடுக்கப்படுகின்றது. ‘ஃபிட்’ என்று முடிவு வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. ‘அன்ஃபிட்’ என்று வந்தால் வீடே இருண்டு விடுகின்றது. அவ்வாறு திருப்பப்படுவோரில் சிலருக்குக் காரணமாகச் சொல்லப்படுவது ‘ஹெபடைட்டிஸ் பி’ என்னும் கல்லீரல் அழற்சியாகும். அதனைப் பற்றி இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கான முன்சோதனையில் இந்நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் அடங்கும். நெடுங்காலம் ‘காம்கா மெடிக்கல்’ என்று நாம் அழைத்து வந்த இம்முறைக்கு இப்போது ‘வாஃபித்’ என்று பெயர். இச்சோதனை, வேலை தரும் நாட்டின் பொருட்டுச் செய்யப்படுவது. ‘இவரை உள்ளே விடலாமா?’ என்பதே அது கேட்கும் கேள்வி. ‘இவருடைய ஈரல் எந்நிலையில் இருக்கின்றது? இவருடைய மனைவி மக்களின் நிலை என்ன?’ என்று அது கேட்பதில்லை. ஆகவே, முத்திரை குத்தப்பட்டதும் அதன் வேலை முடிந்து விடுகின்றது. நம்முடைய வேலையோ அங்கேதான் தொடங்குகின்றது.

ஒரே சோதனை, இருவேறு நோக்கங்கள்

புலம் பெயர்ந்தோருக்கு இதே சோதனையை வேறு நோக்கத்தோடு செய்யும் நாடுகளும் உண்டு. இந்நோய் மிகுந்துள்ள நாடுகளில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் இதற்கான சோதனை செய்து கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2008-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நூற்றுக்கு இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு இக்கிருமி இருந்தால் அந்நாடு அப்பட்டியலில் சேரும். 2023-இல், வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் சோதித்துக் கொள்ள வேண்டும் என்று அந்த அறிவுரை விரிவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல், இலண்டன் உள்ளிட்ட சில நகரங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வேறு காரணத்துக்காக இரத்தம் எடுக்கும்போதே, நோயாளி மறுத்தாலன்றி, இதற்கும் சோதித்து விடுகிறார்கள். தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்த பலர் இதனால் கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டிருக்கின்றனர்.

அங்கே நோயாளியைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் சோதனை, இங்கே வேலை தேடுபவனைத் திருப்பி அனுப்பும் சோதனையாக நிற்கின்றது. வளைகுடா நாடுகளின் விதியை நாம் மாற்ற இயலாது. ஆனால், அங்கிருந்து கிடைக்கும் காகிதத்தை நம் நன்மைக்குப் பயன்படுத்திக் கொள்வது நம் கையில்தான் இருக்கின்றது.

இந்நோயின் இயல்பு

அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட புதிய பொருளைப் பற்றி 1965-இல் எழுதினார். அது இக்கிருமியின் மேலுறை என்பது பின்னர் தெரிய வந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்று ஆய்வுக்கூடச் சீட்டில் எழுதப்படுவது அந்த மேலுறையைத் தேடும் சோதனையே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் இந்நோயின் நாட்பட்ட வடிவத்தோடு வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இந்தியர். உலகளவில் இவர்களுள் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கே தமக்கு நோய் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. காரணம், இக்கிருமி பல ஆண்டுகள் வலியின்றி, மஞ்சள் காமாலையின்றி ஈரலில் தங்கியிருக்கும். சிலருக்கு ஈரல் சுருங்கிய பின்னரோ, புற்றுநோய் தோன்றிய பின்னரோதான் வெளிப்படும். எனவே, இளமையில் ‘அன்ஃபிட்’ ஆனவர், காலம் கடக்கும் முன் எச்சரிக்கை பெற்றவர் என்றே கருதப்பட வேண்டும்.

இது இரத்தத்தின் மூலமும், தாம்பத்திய உறவின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகின்றது. சுத்தம் செய்யாத ஊசி, பலருக்கும் பயன்படுத்திய சவரக் கத்தி, காது குத்தும் கருவி ஆகியவையும் வழியாகலாம். பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்யும்போதும், ஹஜ்ஜில் தலைமுடி களையும்போதும் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

எதனால் பரவாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, ஒரே ஸஃப்பில் நின்று தொழுவதாலோ இது பரவுவதில்லை. விருந்தில் நோயாளிக்கென்று தனித் தட்டு வைப்பவர் நோயைத் தடுக்கவில்லை. ஒரு மனிதரின் உள்ளத்தைத்தான் உடைக்கிறார்.

முத்திரைக்குப் பின் செய்ய வேண்டியவை

இன்று நம்மிடையே நடப்பது என்ன? சீட்டு பீரோவுக்குள் போய் விடுகின்றது. பையன் வேறு ஏஜெண்டைத் தேடுகிறான். சில மாதங்களில் பெண் பார்க்கும் பேச்சு எழுகின்றது. சீட்டைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்தின் விலையை, ஒன்றும் அறியாத மணமகள் கொடுக்க நேரலாம்.

இதற்கு மாற்று வழி கடினமானதன்று. முதலில், ஒரு முறை வந்த முடிவை நல்ல ஆய்வுக்கூடத்தில் மீண்டும் உறுதி செய்து கொள்ளுங்கள். தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள் இரத்தம் கொடுத்தால், நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டக்கூடும். மூன்று வாரங்கள் வரையிலும்கூட இது நிகழலாம். ஆகையால், பயண மருத்துவச் சோதனைக்கு முந்திய நாட்களில் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது நலம். உறுதியானால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். வயது வந்த பின் தொற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் கிருமி தானே நீங்கி விடும். ஆறு மாதத்துக்குப் பின்னும் இருந்தால்தான் அது நாட்பட்ட நோயாகும்.

அப்போதும் எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. ஈரல் நொதிகளின் அளவு, இரத்தத்தில் கிருமியின் அளவு, ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் உள்ளன. இவை கிருமியை அடியோடு ஒழிப்பது அரிது; ஆனால் அதனை அடக்கி வைத்து ஈரலைக் காக்கின்றன. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்தானது. 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், இதற்கென அமைந்த அரசு சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையை நாடுவதற்கு முன், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

‘கீழாநெல்லி இருக்கக் கவலை ஏன்?’ என்று சிலர் கேட்கக்கூடும். அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னை ஆய்வாளர்கள் பிளம்பர்க்குடன் இணைந்து செய்த ஆய்வொன்று 1988-இல் புகழ் பெற்ற ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது கூறியது. ஆனால், பின்னர் பல இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. ஆகவே, கீழாநெல்லியை நம்பி மருத்துவரைத் தவிர்ப்பது அறிவுடைமையாகாது.

குடும்பத்தாரின் பங்கு

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உண்டென்றால், தாய், தந்தை, உடன்பிறந்தார், மனைவி, மக்கள் அனைவருமே சோதித்துக் கொள்ள வேண்டும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நாட்பட்டதாகி விடுவதால், அண்ணனுக்கு இருப்பது தம்பிக்கும் இருக்கக்கூடும். கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது. ஆறாம் மாதத்தில் மூன்றாவது.

கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனை அவசியம். தாய்க்கு நோய் இருந்தாலும் சேயைக் காக்க முடியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், அதனுடன் கூடிய விரைவில் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். தாயின் இரத்தத்தில் கிருமி மிகுதியாக இருந்தால், கர்ப்ப காலத்திலேயே மருத்துவர் மாத்திரை தருவார். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

நிக்காஹ் பேச்சில் உண்மையைச் சொல்வதற்கு அஞ்ச வேண்டாம். மணமகளோ மணமகனோ முன்னதாகத் தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி உண்டானதைச் சோதித்து அறிந்து கொண்டால், தொற்றும் என்ற அச்சமின்றி இல்லறம் நடத்தலாம். சொல்லித் தள்ளிப் போகும் திருமணத்தைவிட, மறைத்து முடிக்கும் திருமணமே பெரிய துயரத்தைத் தரும்.

சபுர் போவதாக இருந்தால், ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் ஊரில் ஒரு முறை சோதித்துக் கொள்ளுங்கள். நகையும் மிஞ்சும், நாளும் மிஞ்சும். ஏற்கெனவே முத்திரை விழுந்த சீட்டு உங்கள் பீரோவில் இருக்குமானால், அதனை வெளியே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அரபு நாட்டின் வாசல் அடைபட்டிருக்கலாம். சிகிச்சையின் வாசல் இன்னும் திறந்தே இருக்கின்றது.