பட்டியலில் சிதைந்த புல்வெளி

நீலகிரியின் உயரமான புல்வெளிகளுக்கு வனத்துறைப் பட்டியலில் ஒரு குறியீடு உண்டு: 11ஏ/சி1/டிஎஸ்2. கடைசியில் நிற்கும் ‘டிஎஸ்’ சிதைவு நிலையைக் குறிக்கிறது. சோலைக்காடு அழிந்து எஞ்சியதுதான் இந்தப் புல்வெளி என்பது அதன் பொருள். 1936-இல் வனவியலாளர் சாம்பியன் வகுத்து, 1968-இல் சேத்துடன் சேர்ந்து திருத்திய இந்தப் பட்டியல், நாட்டின் காடுகளை 16 பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறது. வனத்துறையின் ஆவணங்கள் இன்றும் அதையே பின்பற்றுகின்றன.

சாம்பியனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஒரு முதிர்ந்த தாவரக் கூட்டம் உண்டு, மற்றவை எல்லாம் அதை நோக்கிய படிகளே என்று அமெரிக்கச் சூழலியலாளரான கிளமென்ட்ஸ் 1916-இல் எழுதியிருந்தார். ஒவ்வொரு இனமும் தன் போக்கில் பரவுகிறது, கூட்டத்தின் எல்லைக்கோடு நாம் போடுவது என்று 1926-இல் கிளீசன் மறுத்தார். நம் பட்டியலில் விழுந்திருப்பது கிளமென்ட்ஸின் நிழல்.

மண் வேறு கதை சொல்கிறது. சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனை வெவ்வேறு விதமாக ஏற்பதால், மட்கிய எச்சத்திலும் அந்த வேறுபாடு தங்கிவிடும். நீலகிரிச் சதுப்புகளின் மட்கை ஆராய்ந்து சூழலியலாளர் சுகுமார் உள்ளிட்டோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுத் தாவர வரலாற்றைக் காட்டியது. கோடாரி மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்தது.

அந்தப் புல்வெளிகளில்தான் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நடப்பட்டன. குறியீடு மட்டுமே காரணம் அல்ல. விறகு, தோல் பதனிடும் பட்டை, ஆலைக்கான கூழ்மரம் என்ற தேவைகளும் இருந்தன. சொல்லப்போனால் நடவு தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில், பட்டியல் பிந்தியது. ஆனால் சிதைந்த நிலம் என்று ஏட்டில் ஏறிவிட்டால், மரம் நடுவது அழிவாகத் தெரியாது, சீர்திருத்தமாகவே தெரியும்.

கோளாறு களக் கணக்கெடுப்புத் தாளிலேயே தொடங்குகிறது. மரத்தின் சுற்றளவைக் குறிக்கும் படிவத்தில் புல்லுக்கு இடம் இருக்காது. ஒரு மீட்டர் சதுரக் கட்டம் வைத்து, ஒவ்வோர் இனமும் எத்தனை பங்கு தரையை மூடியிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். பூக்காத காலத்தில் பல புற்கள் ஒன்றுபோலவே இருக்கும். இலையும் தண்டும் சேரும் மூட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் சில பிடிபடும். ஆனால் சரிவில் வளர்வது வேறு, சதுப்பில் வளர்வது வேறு என்பது அங்கே மந்தை மேய்த்த தொதவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. அவர்கள் கோயில் வேய்வதற்கே தனிப் புல் உண்டு.

இப்போது சீகையை அகற்றுகிறார்கள். வெட்டிய இடத்தில் மண்ணில் கிடக்கும் அதன் விதையே மறுபடி முளைக்கிறது. அங்கே எந்தப் புல்லை, எந்தச் சரிவில் மீட்பது என்பதற்கு டிஎஸ்2 பதில் சொல்லாது. புல்வெளியைத் தனி வகையாக ஏற்று, அதன் கூட்டங்களைக் கட்டம் கட்டமாகப் பதிவுசெய்யும் கணக்கெடுப்பை வனத்துறை முதலில் நடத்தட்டும்; நாற்றங்கால் அடுத்து வரட்டும்.