செட்டில்மென்ட் பணத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

நம்ம நந்திதுர்க் பசங்க மூணு பேர் வெள்ளிக்கிழமை ஒரு ரூமில் சேர்ந்தா, பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. "ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் பேரீச்சை போட்டுடலாமா?" இங்கே அமீரகத்தில் ரோட்டோர மரத்தில்கூடக் குலைகுலையாய்த் தொங்குவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோலார் வெயிலும் இதே வெயில் மாதிரித்தான் தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். பேரீச்சையில் காசு மரத்தில் இல்லை. தராசிலும் கிடங்கிலும் இருக்கு.

ஆசை தப்பில்லை. பக்கத்து தர்மபுரி மாவட்டம் அரியாகுளத்தில் திசு வளர்ப்புக் கன்று வைத்து, பர்ஹி ரகத்தைக் காய்க்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். குஜராத்தின் கட்ச் பேரீச்சைக்கு 2024ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. நம்ம மண்ணில் மரம் வரும், காய்க்கும். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் எந்தப் பழம்? அரபு நாட்டில் பேரீச்சைக்குக் காலில் தண்ணி, தலையில் நெருப்பு வேணும்னு சொல்வார்கள். காய் பழுத்து, கனிந்து, மரத்திலேயே பாதி காயணும். அதற்கு மழையில்லாத கோடை வேணும். நமக்கோ பழுக்கிற நேரத்தில்தான் பருவமழை ஆரம்பம். ஈரம் பட்டால் பழம் வெடிக்கும், புளிக்கும். அதனால் மஞ்சளாய், மொறுமொறுன்னு இருக்கும்போதே அறுத்தாகணும். இந்தப் பதத்துக்கு இங்கே கலால் என்று பெயர். பர்ஹி இந்தப் பதத்திலேயே துவர்ப்பில்லாமல் இனிக்கும். நம்ம ஊருக்கு அதைச் சிபாரிசு பண்றதே அதனால்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம். மரத்துக்கு மரம் 8 மீட்டர் விட்டால் ஏக்கருக்கு 60 மரம் சொச்சம். நல்லா வளர்ந்த மரம் 100 கிலோ தருதுன்னு வைங்க. ஏக்கருக்கு 6 டன். ரெண்டு ஏக்கருக்கு 12 டன். மொத்தமும் சில வாரங்களுக்குள் அறுத்து, அழுகுமுன் விற்கணும். கே.ஜி.எஃப், பங்காரப்பேட்டை, கோலார் மூணும் சேர்ந்து எவ்வளவு மஞ்சள் பேரீச்சை வாங்கும்? மீதிக்கு பெங்களூர் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை. அவருக்குத் தெரியும், நாளைக்கு உங்க பழம் இருக்காதுன்னு.

காய்ந்த பழம் வைத்திருப்பவர் கதை வேற. அது மாதக்கணக்கில் கெடாது. ரமலான் வரைக்கும் கிடங்கில் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ரமலான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2030ல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ரெண்டு ரமலான் வருகிறது! அது மறுபடி நம்ம ஜூன்-ஜூலை அறுவடைக்கு வந்து சேர 2040களின் நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரைக்கும் பெரிய சந்தை, காத்திருக்க முடிஞ்சவருக்குத்தான்.

தண்ணி பற்றியும் சொல்லணும். வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் நம்மது. ஆயிரம் அடி தாண்டியும் போர் போடுகிறார்கள். 2018லிருந்து பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் விடுகிற நிலைமை. கன்று வைத்து முதல் குலை பார்க்கவே மூணு நாலு வருஷம். அதுவரை தண்ணி ஊற்றணும், ஆண் மரத்துப் பூந்தூளைக் கையால் பெண் பாளையில் தூவ ஆள் பிடிக்கணும். நீங்க இருப்பது துபாயில். இதில் முதல் நாளே காசு பார்ப்பவர் கன்று விற்கிறவர் மட்டும்தான் :-)

நிற்க. தராசு விஷயம் நமக்குப் புதுசா என்ன? "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்"னு லைன் வீடுகள் பக்கம் தள்ளுவண்டி வரும். இரும்பை நிறுத்ததும் அவர் தராசு, பழத்தை நிறுத்ததும் அவர் தராசு. ரெண்டின் மார்க்கெட் விலையும் நமக்குத் தெரியாது. அவர் கையிலிருந்து ஒரு ரூபாய் ரொக்கம் இறங்கவில்லை. ரெண்டு பக்கமும் லாபம். ஒண்ணுக்கும் ஆகாததை "பேரீச்சம்பழத்துக்குப் போடு"ன்னு தமிழ்நாடே சொல்கிறதே, அந்த வியாபாரம் இதுதான்.

பெரிய வியாபாரமும் அப்படித்தான். உலகத்தில் அதிக எடைக்குப் பேரீச்சை இறக்குமதி செய்யும் நாடுகளில் முதல் வரிசையில் இந்தியா இருக்கு. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி வந்தது, 2025 மேயில் முழுத் தடை. சிந்து மாகாணத்து உலர் பேரீச்சைக்கு இருந்த பெரிய சந்தை அடிபட்டது. வேறு நாட்டில் வாங்க வழி தெரிஞ்ச வியாபாரி பிழைத்துக்கொள்வார். மரத்தை நட்டவர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? திருச்சி லயன் டேட்ஸ் பெரிசானதும் வெளிநாட்டுப் பழத்தை வாங்கி, சுத்தம் பண்ணி, பொட்டலம் போட்டு, சிரப்பாக்கி விற்றுத்தான்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினபோது நம்ம அப்பாக்கள் கையில் ஒரு செட்டில்மென்ட் வந்தது. எத்தனை வீட்டில் அது வட்டிக்கும், சீட்டுக்கும், யாரோ சொன்ன தொழிலுக்கும் கரைந்ததுன்னு நமக்குத் தெரியும். வளைகுடாவை விட்டுக் கிளம்பும்போது நம்ம கையில் வருவது ரெண்டாவது செட்டில்மென்ட். மூணாவது கிடையாது.

அதனால் ஆசை இருப்பவர்கள் தலைகீழாய் ஆரம்பிக்கலாம். முதலில் ஒரு சீசன், யாராவது விளைவித்த மஞ்சள் பழத்தை வாங்கி பெங்களூரில் விற்றுப் பாருங்க. எத்தனை கிலோ போனது, எத்தனை அழுகினது, யார் கடன் சொன்னார்னு எழுதி வைங்க. கணக்கு நின்றால் பத்து மரம் வைங்க. அதுவும் நின்றால் நாலு பேர் சேர்ந்து குளிர்பதனக் கிடங்குக்குப் பணம் போடுங்க. ரெண்டு ஏக்கர் கிரயம் அதுக்கு அப்புறம் இருக்கட்டும்.

ஊருக்குப் போன் போட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்றதுக்கு முன்னால், இந்த வாரம் ஒரு தடவை வீட்டம்மாவோட உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.