நோய் தீர்க்கவும் போட்டியாளன் இசைவா?

பசித்தவனுக்குச் சோறிட முன்வருவோனை, "எதிரிலுள்ள உண்டிச்சாலைக்காரன் மறுப்புச் சொல்கிறானா என்று முதலில் கேட்போம்" என நிறுத்தி வைக்கும் அரசை அரசென்போமா? கடைக்காவல் என்போமா? அமெரிக்க ஒன்றிய நாடுகளில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்றும் இந்நிலையே நிலவுகின்றது.

'தேவைச் சான்று' என்பது அச்சட்டத்தின் பெயர். புதிதாக மருத்துவமனை எழுப்பவோ, படுக்கைகளைப் பெருக்கவோ விரும்புவார், அவை அவ்வூர்க்குத் தேவையே என்று அரசின்முன் மெய்ப்பித்துச் சான்று பெறல் வேண்டும். எவ்வெப்பணிக்குச் சான்று வேண்டும் என்பது மாநிலந்தோறும் வேறுபடும். 1964-இல் நியூயார்க்கு மாநிலம் இதனைத் தொடங்கியது. 1974-இல் ஒன்றிய அரசு தன் பொருளுதவியை இதனோடு பிணைக்கவே, மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிந்தன.

அன்று சொன்ன கரணியம் என்ன? படுக்கை மிகுந்தால் அதனை நிரப்ப நோயரும் மிகுவர். செலவு ஏறும் என்பது. மில்டன் உரோமர் என்னும் ஆய்வறிஞர் காட்டிய கருத்து இது. மருத்துவமனைக்கு ஆன செலவை அப்படியே ஈடுசெய்த காலத்தில் அதற்குப் பொருளிருந்தது. 1983-இல் முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்பீடு, நோய்வகைக்கு இவ்வளவு என்று முன்னரே வரையறுத்துக் கொடுக்கத் தொடங்கியது. 1986-இல் ஒன்றிய அரசே தன் சட்டத்தை நீக்கிக்கொண்டது. வேர் போயிற்று, முள் மட்டும் நிற்கின்றது!

ஏன் நிற்கின்றது? அம்முள்வேலிக்குள் இருப்போர் யாரென்று பாருங்கள். புதியவன் சான்று கேட்டு வருங்கால், முன்னரே அவ்வூரில் இருக்கும் மருத்துவமனை எதிர்த்துரைக்கலாம். வழக்காடி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கலாம். நோயனின் நோவுக்கு அம்மன்றில் வாயில்லை. பழைய முதலாளியின் ஊதியத்திற்கோ வழக்குரைஞர் பலர்!

விலக்குகள் உண்டே என்பர். உண்டு, செலவு ஒரு வரம்புக்குள் அடங்கினால் சான்று வேண்டா என்னும் சிறுசிறு சந்துகள் அவை. பெருவிலக்கு 2020-இல் வந்தது. கொரோனாக் கொள்ளைநோய் வாயிலில் நின்றபோது வர்சீனியா, வட கரோலினா முதலிய மாநிலங்கள் சான்றின்றியே படுக்கைகளைப் பெருக்கிக்கொள்ள இசைந்தன. நெருக்கடியில் தடையென விலக்கப்பட்டது, மற்றை நாளில் மட்டும் காப்பாகுமோ?

கட்டு நீங்கின் செல்வர் தெருவிலேயே மருத்துவமனைகள் பெருகும், ஏழையரைப் பேணும் பழையவை நலியும் என்பாரும் உளர். அக்கவலை பொய்யன்று. ஆயின் அதற்கு மருந்து, "ஏழை நோயர்க்கு இத்தனை படுக்கை ஒதுக்கு" என்று வருவோனை நேர்நின்று பணிப்பதே. வாயிலைப் பூட்டித் திறவுகோலைப் பழையவன் கையில் கொடுப்பதன்று. 2019-இல் புளோரிடா பொது மருத்துவமனைகளுக்கு இச்சான்றை நீக்கிற்று. 2023-இல் தென் கரோலினா இச்சட்டத்தின் பெரும்பகுதியை ஒழிக்க முடிவு செய்தது. மற்றவை இன்னும் யாருக்காகக் காத்திருக்கின்றன?

வணிகன் வேலியைக் காப்பது அரசின் கடமையன்று. மக்களின் உயிரைக் காப்பதே கடமை. அதனை மறந்த சட்டம், எந்நாட்டில் இருப்பினும், நீக்கத் தக்கதே!